பதிப்பு எண்ணின் வாலைப் படியுங்கள்

"டெபியன் 12 ஓடும் சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2 தான் இருக்கிறது. பாதுகாப்பு ஸ்கேனர் அதைச் சிவப்பில் காட்டுகிறது. அப்ஸ்ட்ரீமில் 10 வந்தே நாளாகிவிட்டது. வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறிவிடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். (டிஸ்ட்ரோ என்பது டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு. ஓப்பன்எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் நிரல். அப்ஸ்ட்ரீம் என்பது ஒரு நிரலை எழுதி வெளியிடும் மூலக் குழு.)

மாற வேண்டாம். அந்த 9.2 என்ற எண்ணை வைத்து அந்த நிரல் பழசா புதுசா என்று சொல்லவே முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் தொங்கும் வாலில்தான் பதில் இருக்கிறது.

டிஸ்ட்ரோக்களின் வகைகள் பலருக்கும் தெரிந்தவைதான். ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவை ரோலிங் வகை. அப்ஸ்ட்ரீமில் புதுப் பதிப்பு வந்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ அவற்றில் வந்துவிடும். ஃபெடோரா ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. 2 ஆண்டுக்கு ஒருமுறை எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு கொண்ட வெளியீடு. டெபியன் ஸ்டேபிள் சுமார் 2 ஆண்டுக்கு ஒன்று. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் ஒரே வெளியீட்டை 10 ஆண்டுகள் தாங்குகிறது.

ஸ்டேபிள் டிஸ்ட்ரோ வெளியாகும் நாளிலேயே கொஞ்சம் பழசாகத்தான் இருக்கும். டெபியனில் புதுப் பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய நிரல்) முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளைக்குப் போகும். அங்கிருந்து, அடுத்த ஸ்டேபிள் உருவாகும் டெஸ்டிங் கிளைக்கு அதைத் தள்ளுவது பிரிட்னி என்ற நிரல். அவசர நிலையைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். வெளியீட்டைத் தடுக்கும் அளவிலான புதுப் பிழை எதுவும் இருக்கக்கூடாது, எல்லாப் பிராசசர் வகைகளிலும் கம்பைல் ஆகியிருக்க வேண்டும், சார்ந்திருக்கும் லைப்ரரிகள் டெஸ்டிங்கில் இருக்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் இந்தக் கதவும் படிப்படியாக மூடப்படும். அதைத்தான் ஃப்ரீஸ் என்கிறோம். டெபியன் 12-க்கான ஃப்ரீஸ் 2023 ஜனவரியில் தொடங்கியது, வெளியீடு ஜூன் 10. மார்ச் மாதமே டெஸ்க்டாப் சூழலான குனோம் 44 வந்துவிட்டது. ஆனாலும் டெபியன் 12 குனோம் 43-உடன்தான் வெளியானது. இது சோம்பலால் வந்த தாமதம் இல்லை. ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை ஒன்றோடொன்று பொருத்திச் சோதிக்க, அவை அசையாமல் நிற்க வேண்டும்.

வெளியீட்டுக்குப் பிறகும் எண் அசையாது, உள்ளே இருக்கும் கோடு, அதாவது நிரலின் மூலவரிகள்தான் மாறும். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் பராமரிப்பாளர்கள் அப்ஸ்ட்ரீமின் புதுப் பதிப்பை அப்படியே கொண்டுவர மாட்டார்கள். ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய கோடில் பொருத்துவார்கள். இதற்குப் பேக்போர்ட்டிங் என்று பெயர்.

வாசகரின் ஸ்கேனர் சொல்லும் ஓட்டை, 2024 ஜூலை 1 அன்று வெளிவந்த ரெக்ரெஷன். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்ணான சிவிஇ-யில் இது சிவிஇ-2024-6387. இது 8.5பி1 முதல் 9.7பி1 வரையிலான பதிப்புகளைப் பாதித்தது, அப்ஸ்ட்ரீம் 9.8பி1-இல் சரிசெய்தது. டெபியன் 12 அதே திருத்தத்தை 9.2-க்குள் வைத்து வெளியிட்டது. அந்தப் பேக்கேஜின் முழுப் பதிப்பு இது:

1:9.2பி1-2+டெப்12யு3

டெபியன் 11-இல் இருந்த 8.4பி1-ஐ இந்த ஓட்டை தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பிழையைக் கொண்டுவந்த மாற்றம் அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. அந்த விஷயத்தில் இன்னும் பழையதே பத்திரமாக இருந்தது.

இப்போது அந்தச் சரத்தைப் பிரித்துப் படிப்போம். முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள 1 என்பது ஈபோக், மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒப்பிடப்படும் எண். கடைசிச் சிறுகோட்டுக்கு முன்னால் உள்ள 9.2பி1 அப்ஸ்ட்ரீம் பதிப்பு. மிச்சமெல்லாம் டெபியனின் திருத்த எண்: 9.2பி1-ஐ டெபியன் 2-வது முறையாகக் கட்டிய வடிவம், அதன்மேல் டெபியன் 12-க்காக வந்த 3-வது அப்டேட்.

இரண்டு சரங்களில் எது பெரிது என்று டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜி முடிவெடுக்கும் முறைதான் இந்த முழு ஏற்பாட்டிலும் ஆக அழகான பகுதி. முதலில் ஈபோக், சமமானால் அப்ஸ்ட்ரீம் பதிப்பு, அதுவும் சமமானால் திருத்த எண். ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக எடுத்து, எண் அல்லாத துண்டு, எண் துண்டு என்று மாற்றி மாற்றி ஒப்பிடும். எண் துண்டுகளை எண்ணாகவே பார்ப்பதால் 1.10 என்பது 1.9-ஐ விடப் பெரிது. வெறும் அகரவரிசையில் போட்டால் இது தலைகீழாகும்.

எண் அல்லாத துண்டில்தான் நுட்பம் இருக்கிறது. எழுத்துகள் மற்ற குறிகளை விடச் சிறியவை. ஆனால் '~' என்ற அலைக்குறி எல்லாவற்றையும் விடச் சிறியது, ஒன்றுமே இல்லாததை விடவும் சிறியது. ஆகவே 1.0~ஆர்சி1 என்பது 1.0-ஐ விடச் சிறிது. இறுதிப் பதிப்பு வந்ததும் முன்னோட்டப் பதிப்பு தானாக விலகும்.

புது நிரல்களைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் இதே குறி என்ன செய்கிறது என்று பாருங்கள். டெபியன் 13-இல் ஒரு நிரல் 2.5-1 என்று இருக்கிறது. அதை டெபியன் 12-க்காக மறுபடி கம்பைல் செய்து தரும்போது 2.5-1~பிபிஓ12+1 என்று பெயரிடுகிறார்கள். ஒப்பிடும்போது 2, 5, 1 எல்லாம் சமம். அடுத்து ஒருபக்கம் அலைக்குறி, மறுபக்கம் வெறுமை. அலைக்குறி தோற்கும். அதனால் டெபியன் 13-க்கு அப்கிரேட் செய்யும் நாளில் அசல் 2.5-1 தானாக வந்து உட்காரும். அலைக்குறிக்குப் பதில் '+' போட்டிருந்தால், 12-இன் லைப்ரரிகளோடு கட்டிய நிரல் 13-இலும் விலகாமல் நின்று, என்றோ ஒருநாள் உடையும்.

'+' என்பதன் வேலை நேர் எதிர். 2+டெப்12யு3 என்பது 2-ஐ விடப் பெரிது, 3-ஐ விடச் சிறிது. பாதுகாப்புத் திருத்தம் பழையதை வெல்ல வேண்டும். ஆனால் நாளை முறைப்படி வரும் 3-க்கு வழிவிட வேண்டும். இரண்டையும் ஒரே குறி சாதிக்கிறது. 'டெப்12' என்று எண் இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்பு வெளியீட்டின் செல்லப்பெயரையே வாலில் ஒட்டினார்கள். 2005-இல் வந்தது சார்ஜ், 2007-இல் வந்தது எட்ச். ஆங்கில அகரவரிசையில் எட்ச் முன்னால் வருவதால், மற்றதெல்லாம் சமமானால் பழைய வெளியீட்டின் பேக்கேஜ் பெரிதாகத் தெரியும். 12-க்குப் பிறகு 13 என்பதில் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கணினியிலேயே சோதிக்கலாம். டிபிகேஜி கட்டளைக்கு --கம்பேர்-வெர்ஷன்ஸ் என்ற விருப்பம் கொடுத்து, முதல் பதிப்பு, 'எல்டி' (விடச் சிறியது), இரண்டாம் பதிப்பு என்ற வரிசையில் எழுதுங்கள். திரையில் எதுவும் வராது. முதலாவது சிறியதாக இருந்தால் எக்ஸிட் ஸ்டேட்டஸ் (கட்டளை முடிந்ததும் திருப்பித்தரும் எண்) 0, இல்லாவிட்டால் 1. ஃபெடோரா, ரெட் ஹேட் பயன்படுத்தும் ஆர்பிஎம் வகையிலும் ஈபோக், பதிப்பு, ரிலீஸ் என்று அதே மூன்று அடுக்குகள் உண்டு. அலைக்குறிக்கும் அங்கே அதே பொருள்தான்.

இந்த விதிகளின் உச்சப் பயன் 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒளிந்திருப்பதை அம்பலப்படுத்தினார். டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட், டம்பிள்வீட் போன்ற புதுமை விரும்பிகளிடம் அந்தப் பதிப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. 5.4.1 வைத்திருந்த டெபியன் 12-க்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும் இருந்த கணினிகளைப் பின்னுக்கு இழுப்பது எப்படி? பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் தானாகப் பெரிய எண்ணுக்குத்தான் போகும், சிறியதற்குத் திரும்பாது. ஈபோக்கை ஏற்றலாம், ஆனால் ஒருமுறை ஏற்றினால் அந்தப் பேக்கேஜ் இருக்கும்வரை அதை இறக்க முடியாது. எனவே இப்படி ஒரு பதிப்பு வெளியானது:

5.6.1+ரியலி5.4.5-1

எண்படி இது 5.6.1-ஐ விடப் பெரிது, ஆகவே எல்லாக் கணினிகளும் ஏற்றுக்கொண்டன. உள்ளே இருந்ததோ 5.4.5. ஓப்பன்எஸ்எஸ்எச் பேக்கேஜில் எண் பழசு, பாதுகாப்பு புதுசு. இங்கே எண் புதுசு, கோடு பழசு.

இதனால்தான் டிஸ்ட்ரோக்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நிதானமாகப் படிக்க வேண்டும். பல டிஸ்ட்ரோக்களின் பதிப்புகளை ஒப்பிடும் ரெப்பாலஜி தளம் அருமையான வேலை செய்கிறது. டெபியனில் அப்பாச்சி2, ஃபெடோராவில் ஹெச்டிடிபிடி, ஆர்ச்சில் அப்பாச்சி என்று மூன்று பெயரில் இருக்கும் ஒரே வெப் சர்வரை ஒன்றாக்கி, எங்கே எந்தப் பதிப்பு என்று காட்டுகிறது. ஆனால் ஒப்பிட வேண்டுமானால் டிஸ்ட்ரோ ஒட்டிய வாலை வெட்டித்தான் ஆக வேண்டும். வாலோடு பேக்போர்ட் செய்த திருத்தங்களும் கண்ணிலிருந்து போய்விடும். புது அம்சம் எங்கே கிடைக்கும் என்பதற்கு அந்தப் பட்டியல் சரியான அளவுகோல். எது பாதுகாப்பானது என்பதற்கு அல்ல. ரெட் ஹேட் 8-இன் கர்னல் 4.18 என்பதும் இதே வகைதான். பின்னாளில் வந்த டிரைவர்கள் ஏராளமாக அதற்குள் போயிருக்கின்றன.

ஸ்கேனர்களை இந்த விஷயத்தில் மன்னிக்க முடியாது. டெபியனின் எஸ்எஸ்எச் சர்வர் இணைப்பு தொடங்கும்போதே தன் பேனரில் (முதல் அறிமுக வரியில்) திருத்த எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. 9.2பி1 வரை படித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் டெப்12யு3-ஐப் படிக்காமல் விடுவதை ஆய்வு என்று சொல்லக்கூடாது. எண் பெரிதானால் பத்திரம் என்று நம்புவது கணினித் துறையின் மூடநம்பிக்கை. அந்தச் சில வரிகளைப் பழைய கோடில் பொருத்த, இரு பதிப்புகளின் கோடையும் வரி வரியாகப் புரிந்துகொண்ட ஆள் வேண்டும். எக்ஸ்இசட் போன்ற அடித்தள லைப்ரரியையே ஏறக்குறைய ஒரே தன்னார்வலர் தூக்கிச் சுமந்தார்; சோர்ந்துபோன நேரத்தில்தான் தாக்கியவர் உதவிக்கு வருவதுபோல் நுழைந்தார். இந்த நிரல்களை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பராமரிப்பாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஸ்கேனருக்குக் கட்டும் சந்தாவை விட அது நல்ல செலவு.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். 'ஆப்ட் பாலிசி ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்' என்று கொடுத்து, நிறுவியிருப்பதும் கேண்டிடேட்டும் (இப்போது நிறுவக் கிடைக்கும் பதிப்பு) ஒன்றா என்று பாருங்கள். வால் யு3 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டது. உறுதிசெய்ய 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கொடுத்து சிவிஇ எண்ணைத் தேடுங்கள். ஆர்பிஎம் வகையில் 'ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக்'. இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: லைப்ரரியை அப்டேட் செய்தால் டிஸ்கில்தான் மாறும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய லைப்ரரியையே மெமரியில் வைத்திருக்கும். எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி சொல்லும்.

ஒரே ஒரு நிரல் மட்டும் புதிதாக வேண்டும் என்பதற்காக ஸ்டேபிளில் அன்ஸ்டேபிள் களஞ்சியத்தைச் சேர்க்காதீர்கள். அந்த நிரல் ஜிலிப்சியின் (ஏறக்குறைய எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) புதுப் பதிப்பைக் கேட்கும், அது வந்தால் பின்னாலேயே பாதி சிஸ்டம் வரும். டெபியன் 12-இல் ஜிலிப்சி 2.36, 13-இல் 2.41, புதியதில் கட்டிய நிரல் பழையதில் 'ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை' என்பது போன்ற பிழையோடு நின்றுவிடும். ஆர்ச்சில் இதன் மறுபக்கம்: 'பேக்மேன் -எஸ்ஒய்' கொடுத்து ஒரு பேக்கேஜை மட்டும் ஏற்றினால் லைப்ரரி புதிதாகி, அதைச் சார்ந்த மற்றவை பழசாக நின்று திறக்காமல் போகும். அங்கே எப்போதும் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றும் '-எஸ்ஒய்யு' தான். டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். அதன் முன்னுரிமை 100 என்பதால் நீங்கள் கேட்காமல் எதுவும் உள்ளே வராது. கேட்டு நிறுவியதற்கு மட்டும் அப்டேட் வரும். டெஸ்க்டாப் நிரல்களுக்கு, தேவையான லைப்ரரிகளைத் தனியாகக் கொண்டுவரும் ஃப்ளாட்பேக் போதும்.

உண்மையில் பழசானவையும் உண்டு, அவற்றைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். உபுண்டு எல்டிஎஸ்ஸின் 5 ஆண்டு இலவசப் பாதுகாப்பு உறுதி, உபுண்டு நிறுவனமே பராமரிக்கும் மெயின் பகுதிக்குத்தான். சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பேக்கேஜ்களுக்கு அந்த உறுதி வேண்டுமானால் உபுண்டு புரோ சந்தா தேவை. ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் போன்றவற்றில் பேக்போர்ட்டிங் நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் டெபியன் ஸ்டேபிளில்கூட அவற்றின் பதிப்பு எண்ணே ஏறிக்கொண்டிருக்கும்; அங்கே எண் அசையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். முழு ஆதரவு இல்லாத பேக்கேஜ் ஏதாவது உங்கள் டெபியன் சர்வரில் இருக்கிறதா என்று அறிய 'டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்' பேக்கேஜை நிறுவி, 'செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டுங்கள்.