சான்றிதழ் வந்துவிட்டால் கிரெடிட் வந்துவிடாது

தரவுப் பகுப்பாய்வு, நிரல் எழுதுதல், இணையப் பாதுகாப்பு போன்ற டிஜிட்டல் திறன் பாடங்களை ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படித்து, அவற்றைப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகாக, மாற்றிக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இதற்கு வழி செய்கிறது. ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 விழுக்காடு வரை இப்படி எடுக்கலாம். 2016 விதியில் இது 20 விழுக்காடாக இருந்தது. விதியைப் பற்றித் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும். மாணவர்கள் ஏமாறுவது இதற்குப் பிறகுதான்.

40 விழுக்காடு என்பது உச்சவரம்பு. அவ்வளவையும் உங்கள் கல்லூரி தந்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. எந்தப் பாடத்தை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்ற பட்டியலை, தன்னாட்சிக் கல்லூரியானால் அதன் கல்விக் குழுவும், இணைப்புக் கல்லூரியானால் பல்கலைக்கழகமும் முடிவு செய்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி 12 வாரப் பாடம் ஒன்றை முடித்து, 60 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்குபவர்களுக்குத் தரப்படும் ‘எலீட்’ சான்றிதழும் பெற்றார். வகுப்பாசிரியர் வாய்மொழியாகச் சொன்ன ‘எடுத்துக்கொள்ளம்மா’ என்ற வார்த்தையை நம்பி, அதற்கு ஈடான விருப்பப் பாடத்தை எழுதவில்லை. தேர்வுப் பிரிவில், “பட்டியலில் இந்தப் பாடம் இல்லை” என்று சொல்லிச் சான்றிதழைத் திருப்பித் தந்தார்கள். மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாள் அரியராக நின்றது. சொன்ன ஆசிரியரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே பாடத்தில் சேரும் முன்பே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பாடத்தின் பெயர், அதன் குறியீட்டு எண், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்தத் தாளுக்குப் பதிலாக என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ‘சர்க்குலர் வரும், பொறு’ என்பார்கள். சர்க்குலர் வருவதற்குள் சேர்க்கைக்கான கடைசி நாள் போய்விடும். பாடத்தின் பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. கிரெடிட்டும் பொருந்த வேண்டும். ஸ்வயத்தில் ஐஐடிகள் வழியாகப் பாடம் தரும் என்பிடெல் அமைப்பின் கணக்கில் 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட். 4 கிரெடிட் தாளுக்குப் பதிலாக 8 வாரப் பாடத்தைக் கொண்டுபோனால் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த பொறி, பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் ஒன்றென்று நினைப்பது. என்பிடெல்லில் படிப்பது இலவசம்; தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும். தேர்வை நேரில், மையத்துக்குப் போய்த்தான் எழுத முடியும். வாராந்தரப் பயிற்சிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் அதிகம். பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். பயிற்சியில் 9, தேர்வில் 55 என்றால் கூட்டினால் 64, சான்றிதழ் கிடையாது. பயிற்சியின் கடைசித் தேதி தாண்டிவிட்டால் எந்த வேண்டுகோளும் எடுபடாது.

தனியார் நிறுவனங்கள் தரும் டிஜிட்டல் பேட்ஜ்களுக்கு இந்த விதியில் இடமில்லை. வேலை தேடும்போது உதவலாம், கிரெடிட் தராது. நான் முதல்வன் பாடங்கள் வேறு கணக்கு. அவை தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய திட்டத்தின் வழியே வருகின்றன. ஸ்வயத்தையும் நான் முதல்வனையும் குழப்பிக்கொண்டு, ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்கு விலக்கு கேட்காதீர்கள்.

கிரெடிட் போய்ச் சேரும் இடம் ஏபிசி கணக்கு; மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் டிஜிட்டல் வங்கி இது. டிஜிலாக்கர் மூலம் தொடங்கும் இந்தக் கணக்கில் பலரும் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். ஆதாரில் பெயருக்குப் பின் தந்தையின் முழுப் பெயர், கல்லூரிப் பதிவேட்டில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து, ஸ்வயத்தில் இனிஷியலே இல்லை என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் கிரெடிட் வந்து சேராமல் தொங்கும். ஆதாரைத் திருத்தி வா என்று கல்லூரியும், கல்லூரியில் கேள் என்று மற்றவர்களும் அலைக்கழிப்பார்கள். முதலாம் ஆண்டிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். இறுதியாண்டு கடைசி செமஸ்டருக்கு மட்டும் இந்தப் பாடங்களை ஒதுக்கி வைக்காதீர்கள்; முடிவு தாமதமானால் பட்டச் சான்றிதழும் தாமதமாகும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடத்த ஆசிரியர் இல்லாத தாளுக்கு ஸ்வயம் பாடத்தைக் காட்டிவிட்டுக் கைகழுவும் துறைகளைப் பார்க்கிறேன். மாணவருக்கு வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவதும், கணினி, ஆய்வக வசதியைக் கட்டணமின்றித் தருவதும் கல்லூரியின் கடமை. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் எழுத்தில் ஆணை கேளுங்கள். பணிச்சுமைக் கணக்கில் மணிநேரம் சேர்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பதவி உயர்வுக்கான மானியக் குழுவின் 2018 விதியில், சில நிலைகளில் சான்றிதழுடன் கூடிய இணையப் பாடம் ஒன்று ஏற்கப்படுகிறது. ஆனால் அது மதிப்பீட்டுக் காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் முன்பின் ஆனாலும் அந்தச் சான்றிதழால் பயனில்லை. ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு ஈடாக எல்லாப் பாடங்களும் ஏற்கப்படுவதில்லை. அந்தத் தகுதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

பட்டியலில் இருந்த பாடத்தை முறைப்படி முடித்தும் கிரெடிட் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். உங்கள் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2023 விதி. புகார் வந்த 15 வேலை நாட்களில் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், முடிவு கிடைத்த 15 நாட்களுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கையெழுத்தான கடித நகல், பட்டியலின் பிரதி, தேர்வுப் பதிவு ரசீது, சான்றிதழ் ஆகிய நான்கையும் புகாருடன் இணையுங்கள்.