சொட்டு பரவிருச்சுன்னு உடனே நம்பிடாதீங்க

வெளிச்சம் பட்டா அசையிற மூலக்கூறுகளை தங்கத் தகடு மேலயும் குவார்ட்ஸ் மேலயும் ஒட்டி வச்சு சோதிக்கிறதுதான் பல வருஷமா என் வேலை. புதுசா வர்ற பசங்க திரும்பத் திரும்ப ஒரே எடத்துல ஏமாறுறாங்க, நானும் அங்கதான் ஏமாந்தேன், அதனால இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

அசோபென்சீனை எடுத்துக்கோங்க. சாதாரணமா நீளமா இருக்கும், 365 நானோமீட்டர் யுவி (புற ஊதா வெளிச்சம்) அடிச்சா மடங்கிக்கும், நீல வெளிச்சம் காட்டினாலோ சூடு பண்ணினாலோ மறுபடி நீண்டுக்கும். மடங்கின வடிவத்துக்கு துருவத்தன்மை ஜாஸ்தி, அதனால தகடு மேல வைக்கிற தண்ணி சொட்டு கொஞ்சம் பரவும், கான்டாக்ட் ஆங்கிள், அதாவது சொட்டோட ஓரம் தகட்டோட சேர்ற கோணம், குறையும். 2000-ல இச்சிமுரா குழு இந்த மாதிரி பரப்புல வெளிச்சத்தை ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் கம்மியாவும் காட்டி ஆலிவ் எண்ணெய் சொட்டையே நகர வச்சாங்க, 2005-ல டேவிட் லீ குழு வேற வகை மூலக்கூறை வச்சு 12 டிகிரி சரிவுல ஒரு சொட்டை மேல ஏத்தியே காட்டினாங்க. இதையெல்லாம் படிச்சுட்டு லேபுக்கு வர்றவங்களுக்கு கை துறுதுறுன்னுதான் இருக்கும்.

எனக்கும் அப்படித்தான். முதல் சாம்பிள்ல யுவி அடிச்சதும் ஆங்கிள் நல்லா எறங்குச்சு, ரெண்டு நாள் தரையில கால் படல, அப்புறம் நீல வெளிச்சம் காட்டினா ஏறவே மாட்டேங்குது. பாதரச விளக்குக்கு முன்னாடி ஃபில்டர் போடாம விட்டிருந்தோம். அதுல வர்ற 254 நானோமீட்டர் கதிரும் காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்து, மூலக்கூறைத் தங்கத்தோட புடிச்சு வச்சிருக்கிற கந்தகப் பிணைப்பை அரிச்சிருச்சு. அப்படி அரிச்சாலும் பரப்பு தண்ணியை இழுக்கும், ஆங்கிள் குறையும். அதாவது மூலக்கூறு மடங்கினாலும் அதே ரிசல்ட், செத்தாலும் அதே ரிசல்ட், எறங்குறதை மட்டும் பார்த்தா ரெண்டையும் பிரிக்கவே முடியாது.

திரவத்துல ஜோரா வேலை செய்ற மூலக்கூறு பரப்புல ஒட்டினா ஏன் வேலை செய்ய மாட்டேங்குதுன்னு பலர் கேக்குறாங்க. முக்கியமா நெருக்கடிதான். தங்கத்து மேல தையால் சங்கிலிகள் (கந்தக முனையால தங்கத்துல ஒட்டுற நீள மூலக்கூறுகள்) ஒண்ணுக்கொண்ணு அரை நானோமீட்டர் தூரத்துல நெருக்கி நிக்கும், அந்தக் கூட்டத்துல அசோபென்சீனுக்கு மடங்க எடமே இருக்காது, அதனால நடுநடுவுல சின்ன சங்கிலிகளைக் கலந்து எடம் விடணும். இன்னொண்ணு, தங்கம் பக்கத்துல இருந்தா மூலக்கூறு வாங்கின வெளிச்ச சக்தியை அதுவே உறிஞ்சிக்கும், அதனால நடுவுல நீளமா ஒரு சங்கிலி வச்சு தள்ளி நிறுத்தணும். இதை சாம்பிள் பண்றதுக்கு முன்னாடியே யோசிக்கணும், பண்ணிட்டு அழுது பிரயோஜனம் இல்ல.

வெளிச்சத்தால சுத்துற மூலக்கூறு மோட்டார்னா இன்னும் கவனம் வேணும். பென் ஃபெரிங்கா 1999-ல காட்டின மோட்டார்ல ஒரு முழு சுத்துக்கு நாலு படி, ரெண்டு வெளிச்சத்தால, ரெண்டு சூட்டால. அதுல ஒரு சூட்டுப் படிக்கு 60 டிகிரி செல்சியஸ் தேவைப்பட்டுச்சு. 2016 நோபல் கெடைச்சதுல இருந்து வெளிச்சம் மட்டும் போட்டா தானா சுத்தும்னு நினைச்சுட்டு வர்றவங்க அதிகம், சூடு பத்தலைன்னா அது பாதியிலயே நின்னுடும். அதோட ஒத்தைக் காலால ஒட்டியிருந்தா மேல் பாதி சுத்துதா இல்ல மொத்த மூலக்கூறுமே திரும்பிக்குதான்னு சொல்ல முடியாது, 2005-ல தங்கத் துகள் மேல ஒட்டினப்போ ரெண்டு கால் வச்சு ஒட்டினது அதுக்குத்தான்.

எங்க லேப்ல இப்போ ஒரே நாள்ல மூணு துண்டு தயார் பண்ணாம யாரும் விளக்கைப் போடக் கூடாது. ஒண்ணு நிஜ சாம்பிள், ஒண்ணு அதே சாம்பிள் ஆனா அதே காத்துல அதே நேரம் இருட்டுல வச்சது, இன்னொண்ணு அசோபென்சீன் இல்லாத வெறும் சங்கிலி, அதுக்கும் அதே யுவி. வெறும் சங்கிலியில ஆங்கிள் எறங்கினா கோளாறு விளக்குல. ஒவ்வொரு அளவுக்கும் புது சொட்டு, புது எடம், ஏன்னா ஒரு தடவை பரவின சொட்டு பரப்பு மாறினாலும் லேசுல சுருங்காது. யுவி, நீலம், யுவின்னு குறைஞ்சது அஞ்சு சுத்து பாருங்க, தகடு சூடாகுதான்னு பக்கத்துல தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கிற கம்பி) ஒட்டுங்க.

கண்ணைப் பத்தியும் கட்டாயம் சொல்லணும். 365 எல்இடி பார்க்க மங்கலா ஊதா மாதிரிதான் தெரியும், சக்தி கம்மின்னு நினைச்சு நேரா பார்த்துட்டே சாம்பிளை சரி பண்ற பசங்களைப் பார்த்திருக்கேன், மனசு பதறுது. யுவி கண்ணாடி போட்டதுக்கு அப்புறம்தான் சுவிட்சைத் தொடணும், ரெண்டு நிமிஷ வேலையா இருந்தாலும்.