கழுத்து எலும்பு எப்போது முறிந்தது?

நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே, வேறு எந்த எலும்போடும் மூட்டாக இணையாமல் தசைகளிலும் தசைநார்களிலும் தொங்கிக்கொண்டிருக்கும் குதிரைலாட வடிவ எலும்புக்கு நாவடி எலும்பு என்று பெயர். கழுத்து நெரிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் மரணங்களில், இதன் நீண்ட கொம்புகளோ, கீழே குரல்வளையின் முன்புறமுள்ள தைராய்டு குருத்தெலும்பின் மேற்கொம்புகளோ முறிந்துள்ளனவா என்பதைத்தான் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் முக்கியமாகத் தேடுவார்.

உடலில் இருக்கும் நிலையிலேயே எக்ஸ்-ரே எடுத்தால் தாடையும் கழுத்து முள்ளெலும்புகளும் குறுக்கே விழுந்து இந்த மெல்லிய கொம்புகளை மறைத்துவிடும். ஆகவே நாவடி எலும்பையும் குரல்வளையையும் ஒரே தொகுப்பாக வெளியே எடுத்துத் தட்டையாக வைத்து, மார்பகப் பரிசோதனையில் பயன்படுவது போன்ற குறைந்த ஆற்றல் கதிர்களால் படமெடுக்கிறார்கள். எலும்பிலுள்ள கால்சியம் இத்தகைய கதிர்களைத் தசையைவிட மிக அதிகமாக உறிஞ்சுவதால், மயிரிழை போன்ற முறிவும் தெளிவாகத் தெரியும். கதிர்வீச்சின் அளவைப் பற்றி இங்கே கவலை இல்லை. தேவையான நேரம் கதிரைச் செலுத்தலாம்.

சிக்கல் படத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது. நாவடி எலும்பின் நடுப்பகுதியும் கொம்புகளும் இளம் வயதில் குருத்தெலும்பால் மட்டுமே இணைந்திருக்கும். பலருக்கு முதுமையிலும் ஒட்டுவதில்லை. படத்தில் அந்த இடைவெளி முறிவைப் போலவே தோன்றும். ஆனால் இயல்பான இணைப்பின் விளிம்புகள் வழுவழுப்பாக இருக்கும், முறிவின் விளிம்புகள் கூர்மையாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். அருகிலுள்ள கோதுமை மணி அளவிலான சிறு குருத்தெலும்பு சுண்ணாம்பேறியிருந்தால், அதையும் உடைந்த துண்டு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இளையோரின் எலும்பு வளைந்துகொடுக்கும் என்பதால், முறிவு இல்லை என்ற காரணத்தைக் கொண்டு நெரிப்பே நடக்கவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

முறிவு உயிரோடு இருந்தபோது நேர்ந்ததா என்பதை எக்ஸ்-ரே சொல்லாது. சுற்றியுள்ள திசுவில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை அறுத்துப் பார்த்தே அறிய வேண்டும். அதிலும் ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. மூளையையும் மார்பு உறுப்புகளையும் முதலில் அகற்றி இரத்தத்தை வடியவிட்ட பிறகே கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள்; இல்லையெனில் பரிசோதனையின்போதே இரத்தம் கசிந்து, காயம் போலத் தோற்றமளிக்கும்.

வெளியே எடுக்கும் கையே கொம்பை உடைத்துவிடக்கூடும் என்ற ஐயத்தைத் தீர்க்க, கத்தி வைக்கும் முன்பே எடுக்கும் சி.டி. ஸ்கேன் உதவுகிறது. 1990களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இம்முறை முறையாக வளர்க்கப்பட்டது. டெல்லி எய்ம்ஸ் 2021இல் இதற்கெனத் தனி மையத்தைத் தொடங்கியது. குறுக்கே விழும் எலும்புகளின் நிழல் சி.டி.யில் தடையாவதில்லை. அறுப்பதற்கு முன் எடுத்த படத்திலேயே முறிவு இருந்தால், அது மருத்துவரின் கையால் நேர்ந்தது என்று நீதிமன்றத்தில் வாதிட இடமிருக்காது.