அரை மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரைதானே என்கிறீர்களா?

போன வாரம் ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே. முகம் மட்டும் உருண்டு திரண்டு இருந்தது, கைகால் குச்சி. வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாக வரி. "அம்மா, மூட்டு வலிக்கு எந்தக் கடையில மாத்திரை வாங்குறீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.

மகள் பையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் காலி. "செட் மாத்திரை" என்று கடையில் கொடுப்பார்களே, அதுதான். அதில் இரண்டு, தலா 0.5 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டு வருஷமாகத் தினமும். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் தீர்ந்துபோய், அஞ்சு நாளாகப் போடவில்லை. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

"அரை மில்லிகிராம்தானே டாக்டர், காய்ச்சல் மாத்திரையே 650 போடுறோமே?" என்றார் மகள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மில்லிகிராம் எடையைச் சொல்லும், வீரியத்தைச் சொல்லாது. சாம்பாருக்குப் பருப்பு ஒரு ஆழாக்கு என்பதற்காகப் பெருங்காயத்தையும் ஆழாக்கிலா அளக்கிறோம்? முக்கால் மில்லிகிராம் டெக்ஸாவும், நம் உடம்பே சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 20 மில்லிகிராமும் ஒன்று. நாங்களே ஒரு பரிசோதனை செய்வோம்: இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸா கொடுத்து, மறுநாள் காலை ரத்தம் எடுப்போம். நல்ல உடம்பாக இருந்தால் அந்த ஒரே டோஸில் கார்டிசால் அடங்கிப்போயிருக்கும். வெளியிலிருந்துதான் வருகிறதே என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கார்டிசால் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியை வேலை வாங்குவதை நிறுத்திவிடும். நாங்கள் ஒரு ராத்திரி கொடுப்பதை அந்த அம்மா 700 நாள் விழுங்கியிருக்கிறார். அட்ரீனல் சுருங்காமல் என்ன செய்யும்? மாத்திரை நின்றதும் கார்டிசால் இல்லாமல் உடம்பு விழுந்துவிட்டது.

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் இதே மருந்தை எலிக்குப் போடும்போதுகூட, எலியை எடை பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, நோட்டில் எழுதி வைப்பார்கள். நம் ஊரில் மனுஷிக்கு அந்த மரியாதை இல்லை.

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த வரியைத்தான் பலர் படிக்கவில்லை. கண்டபடி ஸ்டீராய்டு போட்டால் என்ன ஆகும் என்று, மறு வருஷம் கருப்புப் பூஞ்சை வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

பெயர் தெரியாத மாத்திரையைப் பொட்டலமாக வாங்காதீர்கள். அட்டையோடு கேளுங்கள், பில் கேளுங்கள். முகத்தில் களை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்; அது இந்த மாத்திரையால் வந்த உப்பலாக இருக்கலாம். கடைக்காரர்களே, இது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து; உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், தயவுசெய்து, இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் போட்டவர்கள் மிச்ச மாத்திரையோடு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆபரேஷன், கடும் காய்ச்சல் என்று எங்கே போனாலும் ஸ்டீராய்டு போட்டதை முதலில் சொல்லுங்கள்.

அந்த அம்மா ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்ட அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடை மாத்திரைக்குத்தான் டாக்டர் இது அடங்குது" என்றார்.