சோசியலிஸ்ம் ஊ பார்பரி: பெயரும் தமிழும்

1949 மார்ச்சில் பாரிஸில் முதல் இதழ் வெளிவந்த ஒரு பிரெஞ்சு இடதுசாரி ஏட்டின் பெயர் இது. அதை நடத்திய குழுவுக்கும் இதே பெயர்தான். ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வழி நின்ற கட்சியிலிருந்து பிரிந்து வந்த கார்னீலியஸ் காஸ்டோரியாடிஸும் குளோட் லெஃபோரும் இதை நிறுவியவர்கள். 1965 வரை 40 இதழ்கள் வந்தன. 1967-இல் குழு கலைந்தது.

அகராதிப்படி இது 'சோசலிசம் அல்லது காட்டுமிராண்டித்தனம்' ஆகும். இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது மூன்று சொற்களும் சறுக்குகின்றன.

'அல்லது' போட்டால், காபி அல்லது தேநீர் என்பதுபோல் எதுவானாலும் சரி என்ற தொனி வந்துவிடும். ஜெர்மனியில் இயங்கிய சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1915-இல் சிறையிலிருந்து எழுதியபோது, முதலாளியச் சமூகம் சோசலிசமா, பார்பரியா என்ற இருவழிப் பிரிவில் நிற்கிறது என்றே இந்தத் தொடரை முன்வைத்தார். அந்த நெருக்கடிக்குத் தமிழில் 'இதுவா, அதுவா' என்ற வினாதான் பொருந்தும்.

'பார்பரி' கிரேக்க 'பார்பரோஸ்' வழி வந்தது. புரியாத மொழி பேசுபவன் என்பது மூலப்பொருள். முல்லைப்பாட்டு மிலேச்சரை நாவால் பேசாமல் உடம்பால் பேசுவோர் என்று காட்டுவது இதற்கு வெகு அருகில் நிற்கிறது. 'காட்டுமிராண்டி' நம்மைக் காட்டுக்குத் திருப்புகிறது. காட்டில் வாழ்வோரை இழிவும் செய்கிறது. இந்தக் குழு அஞ்சியதோ ஆலையும் அலுவலகமும் படையும் பெற்றெடுக்கும் அழிவை, மூன்றாம் உலகப் போரை. ஆகவே 'நாகரிக அழிவு' என்பதே சரி.

'சோசலிசம்' என்பதற்குப் 'பொதுவுடைமை' என்று எழுதுவதுதான் பெரும் பிழை. உடைமை யார் பெயரில் இருக்கிறது என்பது போதாது என்பதே இவர்களின் அடிப்படை வாதம். ரஷ்யாவில் ஆலைகள் அரசுடைமையாயின. ஆனாலும் ஆணையிடுவோர் ஒருபுறம், நிறைவேற்றுவோர் மறுபுறம் என்ற பிளவு அப்படியே இருந்தது, அதிகாரவர்க்கம் சுரண்டும் வர்க்கமானது என்று 1949-இலேயே காஸ்டோரியாடிஸ் எழுதினார். உற்பத்தியைத் தொழிலாளரே நிர்வகிப்பதுதான் அவர்களுக்குச் சோசலிசம். அதனால்தான் 1956-இல் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான எழுச்சியில் தோன்றிய ஹங்கேரியின் தொழிலாளர் மன்றங்களை அவ்வளவு பெரிதாகக் கொண்டாடினார்கள். 'உடைமை' ஒட்டாத 'சமதர்மம்' இங்கே பொருந்துகிறது.

பொருள் சொல்லும் இடத்தில் 'சமதர்மமா, நாகரிக அழிவா?' என்று எழுதலாம். ஏட்டையோ குழுவையோ சுட்டும்போது ஒலிபெயர்ப்பே போதும். பழைய இதழ்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பியேர் ஷோலியூ, போல் கார்தான் இருவரும் காஸ்டோரியாடிஸே. கிரேக்கக் குடிமகனான அவர் நாடு கடத்தப்படலாம் என்பதால் புனைபெயரில் எழுதினார். குளோட் மோந்தால் என்பது லெஃபோர்.