சர்வைவர்: உயிர் பிழைத்தவரா, எஞ்சியவரா?

ஆட்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு, அரைவயிற்றோடு போட்டிகளில் மோதவிட்டு, வாக்கெடுத்து ஒவ்வொருவராக வெளியேற்றும் தொலைக்காட்சி ஆட்டம் சர்வைவர். ஆட்டம் பிறந்தது 1997-ல் சுவீடனில், வேறு பெயரில். 2000-ல் அமெரிக்கா இதைக் காட்டிய பிறகே இந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது. தமிழில் 2021-ல் நடிகர் அர்ஜுன் நடத்த, சான்சிபாரில் பிரபலங்கள் ஆடினார்கள்.

இந்தப் பெயருக்கும், இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது கூடவே வரும் ஜோடி, செலிபிரிட்டி, சீசன் என்ற சொற்களுக்கும் தமிழ் தேடிப் பார்ப்போம். சர்வைவருக்குத் தமிழ் கேட்டால் அகராதி உடனே 'உயிர் பிழைத்தவர்' என்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சொல் ஆட்டத்துக்கு ஒட்டாது. 2004 சுனாமியில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் மிஞ்சியவர்கள் உயிர் பிழைத்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கி, நாள்கணக்கில் கடலில் கிடந்து, லட்சத்தீவிலோ மகாராஷ்டிரக் கரையிலோ ஒதுங்கி, தூத்தூருக்கும் வள்ளவிளைக்கும் திரும்பியவர்கள் உயிர் பிழைத்தவர்கள். கேமராவும் மருத்துவரும் பக்கத்திலேயே இருக்க, மூன்று வாரம் மெலிந்து வந்த நடிகரையும் அதே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்லவேளை, சொல்லின் வேரும் அப்படிக் கேட்கவில்லை. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல், அப்பால். 'விவெரே' என்றால் வாழ்தல். இரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவருக்குப் பின்னும் வாழ்ந்திருப்பதே அடிப்படைப் பொருள். ஆபத்திலிருந்து தப்புவது அதையொட்டி வந்த பொருள்தான். பழைய பொருள் இன்னும் வங்கியில் அப்படியே இருக்கிறது. கணவனும் மனைவியும் கூட்டாகத் தொடங்கிய கணக்கின் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்: 'எய்தர் ஆர் சர்வைவர்'. இருவரில் யாராவது ஒருவர், இல்லையென்றால் எஞ்சியிருப்பவர். அங்கே புயலும் இல்லை, தீவும் இல்லை. ஒருவர் போனபின் மற்றவர் இருக்கிறார், அவ்வளவே.

ஜோடிகளை இறக்கும் சீசனில் இந்தப் பொருள் பளிச்சென்று தெரியும். 2013-ல் அமெரிக்கப் பதிப்பு பழைய ஆட்டக்காரர்கள் 10 பேரையும் அவர்களுக்கு நெருங்கியவர்கள் 10 பேரையும் எதிரெதிர் அணியில் நிறுத்தியது. தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் எதிரெதிரே. பரிசு ஒருவருக்குத்தான் என்பதால் ஒருவர் நிலைக்க மற்றவர் போயே ஆகவேண்டும். ஆகவே என் தேர்வு 'எஞ்சியவர்'.

'ஜோடி' வடக்கிலிருந்து வந்த சொல். பழைய எழுத்தில் சோடி. சினிமா அதைக் காதலன் காதலிக்கு எழுதிவைத்துவிட்டதால், அண்ணன் தங்கையை ஜோடி என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். 'இணை' போதும். 'செலிபிரிட்டி'க்கு லத்தீனில் கூட்டம் மொய்க்கும் இடம் என்பது தொடக்கப் பொருள். நம் 'பிரபலம்' வடமொழியில் மிகுந்த வலிமை. தமிழில் அது புகழாகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

'சீசன்' லத்தீனின் 'விதைப்பு' என்ற சொல்லிலிருந்து வந்தது. எல்லோரும் 'பருவம்' என்று எழுதுகிறார்கள், அதுவும் வடமொழி 'பர்வன்' வழி வந்ததே. நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று சாகுபடிக் காலத்தைப் 'பூ' என்கிறார்கள். விதைப்புக்கு இதைவிட நெருங்கிய தமிழ் இல்லை. ஆனாலும் 'சர்வைவர் இரண்டாம் பூ' என்று எழுதினால் பூக்கடை விளம்பரம் என்று நினைப்பார்கள். பருவமே இருக்கட்டும்.

வினையாக எழுதும்போது 'எஞ்சினார்' கொஞ்சம் இடறும். அங்கே 'தாக்குப்பிடித்தார்' என்று எழுதுங்கள்: 'அக்கா வெளியேறினார், தங்கை கடைசிவரை தாக்குப்பிடித்தார்.'