அலைக்கு யார் முட்டுக்கட்டை போடுகிறார்கள்?

திருகோணமலைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டச்சு பே கரையில் குழந்தைகள் இடுப்பளவு நீரில் விளையாடுகிறார்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்திலோ கடல் மோதிச் சிதறுகிறது. இரண்டுக்கும் நடை தூரம்தான். ஏன் இப்படி?" உடன் வந்த சுழியோடி "முனை அலையை இழுக்கும்" என்றாராம்.

கடலுக்குள் நீட்டிநிற்கும் பாறைமுனை இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் காந்தம்போல அல்ல.

ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரமே அலையின் நீளம். ஆழம் அந்த நீளத்தில் பாதியாகக் குறையும்போதுதான் அலை கடல்தரையை உணரத் தொடங்கும். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 156 மீட்டர். ஆகவே 78 மீட்டர் ஆழத்திலேயே அதற்குத் தரை தட்டுப்படுகிறது. அதன்பின் ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும்: 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 33 கி.மீ., 2.5 மீட்டரில் அதில் பாதி. நான்கு கி.மீ. ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் பாய்வதும் இதே கணக்குதான்.

இனி தேரோட்டத்துக்கு வாருங்கள். வீதி முனையில் தேரைத் திருப்ப என்ன செய்வார்கள்? திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் வடம் இழுத்த வேகத்தில் ஓடும். அத்தனை பெரிய தேர் தயங்கிய பக்கமாக மெல்லத் திரும்பிவிடும். சிறுவயதில் அந்தக் கட்டை போடுபவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். சுவாமியைப் பார்த்தேனா என்பது நினைவில்லை.

அலைமுகடும் நீளமான ஒரு தேர்தான். பாறைமுனை நீருக்கடியிலும் நீண்டு கிடக்கும். முனைக்கு நேரே வரும் பகுதி ஆழம் குறைந்த அந்த இடத்தில் தயங்குகிறது. குடாவுக்கு நேரே வரும் பகுதிகள் ஆழமான நீரில் முந்துகின்றன. நேராக வந்த முகடு வளைகிறது. அலை தன் முகட்டுக்குச் செங்குத்தாகவே நகரும் என்பதால், வளைந்த முகட்டின் இரு தோள்களும் முனையை நோக்கித் திரும்பிவிடுகின்றன. அகலமாகப் பரவி வந்த ஆற்றல் குறுகிய பாறையில் குவிகிறது. குவிலென்சு வெயிலைக் குவிப்பதற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடில்லை. குடாவுக்குள் நேர்மாறு: கொஞ்சம் ஆற்றல் நீண்ட கரை முழுவதும் பரவி மெலிகிறது. தெற்கே அறுகம்பையில் முனையைச் சுற்றி வளைந்து வரும் அலையில்தான் உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

சுவாமி மலைப் பாறையில் உள்ள பிளவை இராவணன் வாளால் வெட்டியது என்பார்கள். கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் பாறைப் பிளவை அகலப்படுத்த வாள் தேவையில்லை. மோதும் அலை பிளவுக்குள் காற்றை அடைத்து நெருக்கும், பின்வாங்கும்போது அது வெடிப்பதுபோல விரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் போதும்.

கரையிலிருந்தே நீந்திச் சென்று மூழ்க விரும்புபவர்கள், அலை முனையில் குவிவதனால்தான், குடாப் பக்கம் இறங்கிப் பாறையடியை ஒட்டிப் போகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் அமைதி. வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் கரையிலேயே இருப்பது நல்லது. 1956-இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே மூழ்கியபோதுதான், போர்த்துகீசியர் இடித்த பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கண்ணில் பட்டன. அலை மிகுதியாகக் குவியும் இடத்திலேயே அவை கிடக்கின்றன. இராவணனைப் பற்றி மேடைபோட்டுப் பேசச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு போதும், அந்தக் கற்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துவிடலாம் என்பது என் எரிச்சல்.

முனையருகே போகிறவர்களுக்கு ஒன்று. மேலே வட்டமாகச் சுழலும் நீர், தரையருகே தட்டையாகி முன்னும் பின்னும் ஊசலாடும். மீன்களும் அதோடு சேர்ந்தே ஆடும். அது பின்னால் இழுக்கும்போது எதிர்த்து உதைக்காதீர்கள், முன்னால் தள்ளும்போது உதையுங்கள்.